ஸ்காட்லாந்து வம்சாவளி: 1862 வாக்கில் பிறந்த கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவு அகப்படவில்லை, உதவி தேவை

டண்டீ மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வசிக்கிறேன்; கணவர் இவ்வூர்க்காரர். தம்முடைய பாட்டியைப் பெற்ற ஜெஸ்ஸி யார் வீட்டுப் பெண் என்பதைத் தம் எண்பதாவது பிறந்தநாளுக்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று என் மாமனார் ஆசைப்படுகிறார். தேடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

1884இல் டண்டீயில் நடந்த திருமணத்தின் பதிவு கையில் உள்ளது. அதில் ஜெஸ்ஸிக்கு வயது 22, தொழில் சணல் ஆலையில் நெசவு, தந்தை ‘ஏர் ஓட்டும் பண்ணையாள், காலமானவர்’ என்று எழுதப்பட்டுள்ளது. 1931ஆம் ஆண்டின் இறப்புப் பதிவில் தாய் தந்தை இருவர் பெயரும் இருக்கின்றன. 1881, 1891, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் மூன்றும் அவர் ஆங்கஸ் மாவட்டத்துச் சிற்றூரான கிரிமியூரில் பிறந்தவர் என்றே சொல்கின்றன. ஆயினும் அரசின் பழம்பதிவுகளைத் தேடித் தரும் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் 1860 முதல் 1864 வரை கிரிமியூரில் அவர் பெயரில் ஒரு பிறப்பும் இல்லை. நாடு முழுவதும் தேடியபோது வந்த மூன்று ஜெஸ்ஸிகளின் பதிவுகளையும் அத்தளத்தில் காசு கொடுத்து வாங்கும் கிரெடிட்டில் ஒன்றுக்கு 6 வீதம் கொடுத்துத் திறந்தேன். இருவர் குழந்தையிலேயே இறந்துபோனவர்கள், மூன்றாமவர் அபர்டீனில் மணமானவர். 18 கிரெடிட் வீணானதுதான் மிச்சம். எங்கே தவறுகிறேன்?

மலைநாட்டு ரசிகன்:
அந்தக் காலத்தில் கிராமத்தார் பிறப்பைப் பதியாமலே விட்டிருக்கலாம். குடும்பப்பெயர் ‘மாக்’ என்று தொடங்கினால் அது எந்தக் குலம் என்று பார்த்து, அந்தக் குலத்தின் சின்னத்தையும் கட்டம்போட்ட டார்ட்டன் துணியையும் வாங்கிப் பரிசளித்துவிடுங்கள். பெரியவர் மகிழ்ந்துபோவார்.

ஏட்டுப்புழு:
முந்தைய பதிலில் இரண்டு திருத்தங்கள். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசிடம் பதிவது கட்டாயம். எனவே 1862 வாக்கில் பிறந்தவருக்குப் பதிவு இருக்கும் என்று நம்பியே தேட வேண்டும். இரண்டாவது, ஒரே குடும்பப்பெயர் இருப்பதால் ஒரே இரத்தம் என்று ஆகிவிடாது. குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவருடைய பெயரை ஏற்றதுண்டு. சின்னமோ அந்த நாட்டுச் சட்டப்படி தனிமனிதருக்கு வழங்கப்படுவது, பெயர் ஒத்த எல்லோருக்கும் உரியது அன்று. கடையில் விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இனி சகோதரிக்கு. பெயர் அகப்படவில்லை என்றால் பதிவு இல்லை என்று பொருளில்லை. நாம் தேடும் பெயரில் அது இல்லை என்பதே பொருள். ஜெஸ்ஸி என்பது பெரும்பாலும் ஜேனட் என்ற பெயரின் வீட்டு வழக்கு. அதுபோலவே எல்ஸ்பெத்தும் எலிசபெத்தும் ஒருவராகவே இருப்பார்கள். மலைநாட்டில் டொனால்டு கூட டேனியல் ஆகிவிடுவதுண்டு. கிரிமியூர் இருக்கும் ஆங்கஸ் மாவட்டம் 1928 வரை ஃபார்ஃபர்ஷயர் என்றே வழங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலும் மூன்று செய்திகள் வேண்டும். கணக்கெடுப்புகளில் வயது எப்படி ஏறுகிறது? இறப்பைப் பதிவு செய்தவர் யார்? முதல் மகளின் பெயர் என்ன? அங்கே பழைய வழக்கப்படி முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர். பேரன் என்ற சொல்லுக்கே பெயரைத் தாங்குபவன் என்று பொருள் சொல்லும் நமக்கு இது புதிதல்ல.

டண்டீ மருமகள்:
நன்றி ஐயா. 1881இல் 19, 1891இல் 28, 1901இல் 37 என்று இருக்கிறது. அம்மையாருக்குப் பத்தாண்டுக்கு ஒன்பது வயதுதான் ஏறியிருக்கிறது. இறப்பைப் பதிந்தவர் மகன். அவர் சொன்னபடி ஜெஸ்ஸியின் தாய் பெயர் எலிசபெத். முதல் மகளான எங்கள் பாட்டியின் பெயரோ எல்ஸ்பெத். நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் இரண்டும் ஒன்றென உறைத்தது.

ஏட்டுப்புழு:
அப்படியானால் இறப்புப் பதிவில் உள்ள தாயின் பெயரை நம்பலாம். ஸ்காட்லாந்துப் பதிவுகளின் பெரிய கொடையே இதுதான்: இறந்தவரின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதிவைப்பார்கள். ஆனால் எந்தப் பதிவும் அதைச் சொன்னவரின் அறிவளவே உண்மை. மணப்பெண் தன் தந்தையைப் பற்றிச் சொன்னதைச் சரிபார்க்கப் பதிவாளரிடம் வழியில்லை.

1871 கணக்கெடுப்பில் கிரிமியூரில் ஒன்பது வயது ஜேனட்டைத் தேடுங்கள். தந்தையின் குடும்பப்பெயரில் அல்ல, தாயின் பிறந்த வீட்டுப் பெயரில்.

டண்டீ மருமகள்:
கிடைத்துவிட்டாள். கிரிமியூருக்கு வெளியே ஒரு குடிசை வீட்டில் தாத்தா பாட்டியோடு இருக்கிறாள். உறவு என்ற கட்டத்தில் ‘பேத்தி’, வயது 9, பள்ளி மாணவி. குடும்பப்பெயர் தாத்தாவுடையது, அதுவே இறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர். தாய் அந்த வீட்டில் இல்லை. நான் நினைப்பதுதானா?

ஏட்டுப்புழு:
பெரும்பாலும் அதுவேதான். அந்தப் பகுதியில் பண்ணையாட்களை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ பேசி அமர்த்துவார்கள். தவணை முடிந்ததும் வேறு பண்ணை. மணமாகாமல் குழந்தை பெற்ற வேலைக்காரப் பெண், பிள்ளையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவது அங்கே சர்வசாதாரணமாக நடந்தது.

இப்போது தாயின் குடும்பப்பெயருடன் ஜேனட் என்று 1861, 1862 பிறப்புகளில் தேடுங்கள். கிடைத்தால் படத்தின் இடப்பக்க ஓரத்தை விடாமல் பாருங்கள். மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தையின் பதிவில், தந்தையும் தாயுடன் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அன்று அவர் பெயரை எழுதினார்கள். இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிறகு தாய் ஷெரிப் நீதிமன்றம் எனப்படும் வட்டார நீதிமன்றத்தில் வழக்கிட்டு, இன்னார்தான் தந்தை என்று தீர்ப்புப் பெற்றிருந்தால், திருத்தப் பதிவேட்டில் அதைக் குறித்து, மூலப்பதிவின் ஓரத்தில் சிறு குறிப்புப் போட்டிருப்பார்கள். அவசரமாகப் பார்ப்பவர் தவறவிடும் இடம் இதுதான்.

டண்டீ மருமகள்:
கண்டுபிடித்துவிட்டேன்! 1861 நவம்பர், கிரிமியூர், ஜேனட். பெயருக்குக் கீழேயே ‘முறைதவறிப் பிறந்தவள்’ என்று எழுதியிருக்கிறார்கள்; பச்சைக் குழந்தையின் பெயருக்கடியில் அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. தாய் எல்ஸ்பெத், வீட்டு வேலைக்காரி. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போன்ற கீறல், பக்கத்தில் ‘அவளது அடையாளம்’ என்ற சொற்கள். பிறந்த நேரம் அதிகாலை 3 மணி 40 நிமிடம் என்றும் இருக்கிறது. நேரம் எதற்கு?

ஓரத்தில் குறிப்பும் உண்டு. 1862இல் ஃபார்ஃபர் ஷெரிப் நீதிமன்றம் தந்தையை உறுதி செய்திருக்கிறது. ஜெஸ்ஸி திருமணத்தின்போது சொன்ன அதே பெயர், அதே பண்ணையாள்.

பழம்பதிவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸ்காட்லாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த நேரத்தைப் பதிகிறார்கள்; இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்றோருக்கு மட்டும்தான். உங்கள் மாமியாருக்கு விருப்பமென்றால் கொள்ளுப்பாட்டிக்கு ஜாதகமே கணிக்கலாம்.

இரண்டு வழிகள் மீதமிருக்கின்றன. பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டார்களா என்று பாருங்கள். பின்னால் நடக்கும் திருமணத்தால் முன்பு பிறந்த பிள்ளைக்கு முறையாகப் பிறந்த பிள்ளை என்ற தகுதி கிடைப்பது ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பழங்காலந்தொட்டே இருந்தது. அடுத்து, திருச்சபை மூப்பர் குழுவின் குறிப்பேடுகள். மணமாகாமல் கருவுற்ற பெண்ணை அழைத்து விசாரித்து, தந்தை யார் என்று கேட்டு எழுதிவைப்பது அன்று அவர்கள் வழக்கமாக இருந்தது. அந்தப் படங்களை அதே தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பெயர் அட்டவணை இல்லாததால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 1843இல் தேசியத் திருச்சபை இரண்டாகப் பிளந்ததால், குடும்பம் எந்தப் பக்கம் போனது என்பதையும் அறிந்துகொண்டால் நல்லது.

டண்டீ மருமகள்:
இருவருக்கும் நன்றி. திருமணம் எதுவும் அகப்படவில்லை. தந்தையை மட்டும் 1891 கணக்கெடுப்பில் உயிரோடு கண்டேன்; பக்கத்து ஊரில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். 1884இல் ‘காலமானவர்’ என்று சொன்ன பெண்ணைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமனாரிடம் நேற்று மாலை எல்லாவற்றையும் காட்டினேன். அந்த ஓரக் குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை படித்துவிட்டு, அந்தக் குடிசை இன்னும் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார். 1865 வரிமதிப்புப் பட்டியலில் அதைத் தேடலாமா?

ஏட்டுப்புழு:
தேடலாம். உரிமையாளர், குடியிருப்பவர், ஆண்டு வாடகை மூன்றும் அதில் இருக்கும். ஆனால் ஆண்டு வாடகை 4 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளில் குடியிருப்பவரின் பெயரை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆகவே தாத்தாவின் பெயரைவிட இடப்பெயரை வைத்துத் தேடுவதே நல்லது. 1871 கணக்கெடுப்புப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பண்ணைகளின் பெயர்களைக் குறித்து அனுப்புங்கள். பழைய நில அளவை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.