பார்வையில்லாத சிறுமிக்கு வீணை: மெட்டுகளை எப்படி அடையாளம் காட்டுவது?

வீணை டீச்சர்:
போன மாதம் என்னிடம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், பிறவியிலிருந்தே பார்வை இல்லை. எதையும் ஒருமுறை கேட்டாலே பாடிவிடுகிறாள், ஆனால் தந்தியை அழுத்தும் 24 பித்தளைக் கட்டைகளில், அதாவது மெட்டுகளில், எது எங்கே என்று தேடுவதிலேயே வகுப்பு முடிந்துவிடுகிறது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்தேன், விரலில் தடவும் எண்ணெய் பட்டு இரண்டே நாளில் கழன்றுவிட்டது. "இங்கே பாரு" என்று வேறு வாய் தவறி வந்துவிடுகிறது, அப்புறம் மனசு கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

மந்தரம்:
எனக்கும் பார்வை கிடையாது மேடம், இருபது வருஷமாக வாசிக்கிறேன். "பாரு" என்று நாங்களே சொல்வோம், அதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். எல்லா மெட்டுக்கும் அடையாளம் வேண்டாம். 7-வதும் 12-வதும் போதும், சாரணியில் (முதன்மைத் தந்தியில்) பஞ்சமமும் (ப) மேல் சட்ஜமும் (ச) அங்கேதான். மெட்டைப் பதித்திருக்கும் மெழுகின் ஓரத்திலேயே அரிசி அளவு மெழுகு வைத்துவிடுங்கள். ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகம் விரலுக்கு ரொம்ப வசதி, ரி முதல் மேல் ச வரை மெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. க-ம, ப-த, நி-ச மூன்றும் பக்கத்துப் பக்கத்து மெட்டுகள், ஜோடியாகவே பழக்குங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் செய்தார்கள், கை அடுத்து எங்கே போகும் என்று தெரியாமல் உடம்பே விறைத்துப்போகும். உங்கள் கைமேல் அவள் கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைப்பதற்கு) தந்தி எவ்வளவு வளைகிறது என்பது அப்படித்தான் பிடிபடும்.

கச்சேரிப் பித்தன்:
வயலின் எம். சந்திரசேகரனுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. அம்மா சாருபாலா மோகன்தான் சொல்லிக்கொடுத்தார், மகன் 2005-ல் சங்கீத கலாநிதி விருது வாங்கினார். வயலினில் தடவிப் பார்க்க மெட்டே கிடையாதே! அந்தப் பெண்ணின் அம்மாவையும் வகுப்பில் உட்கார வையுங்கள், வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்ய ஒரு துணை வேண்டும்.

வீணை டீச்சர்:
மெழுகு வைத்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று முதல் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) நிற்காமல் வாசித்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுருதி சேர்க்க எப்போது விடலாம்?

மந்தரம்:
இப்போதே, ஆனால் பிருடையில் (தந்தியை முறுக்கும் முளையில்) வேண்டாம், தந்தி அறுந்தால் முகத்தில் அடிக்கும். லங்கரில் (தந்தியைக் குடத்தோடு இணைக்கும் கம்பியில்) இருக்கும் வளையத்தைத் தள்ளச் சொல்லுங்கள்.