போதையில் கிடப்பவரைத் தூங்கவிடலாமா? கஞ்சா, மாத்திரை, நிறுத்தும் முறை பற்றிச் சில சந்தேகங்கள்

கேட்டவர்: இரண்டுபக்கக்குறிப்பு

வணக்கம். விடுதித் தன்னார்வலர்களுக்கான முதலுதவிக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தமே இரண்டு பக்கம். "போதை உடலுக்குக் கேடு" என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவார்கள். எனவே வேலைக்கு ஆகும் விவரம் மட்டும் வேண்டும்.

முதல் சந்தேகம்: அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு அசந்து கிடப்பவரை "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடலாமா? காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, இதிலெல்லாம் ஏதாவது பலன் உண்டா?

இரண்டாவது: கஞ்சா செடிதானே, அதனால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது: விட்டுவிடுகிறேன் என்று வருபவரை அன்றைக்கே அடியோடு நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: இரவுப்பணி

முதல் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதுவே நீளும்.

குறட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். "நன்றாகத்தான் தூங்குகிறான், குறட்டை கேட்கிறதே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. போதையில் தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். அந்த அடைப்பு வழியாகக் காற்று இழுபடும் சத்தமும் வெளியே குறட்டை மாதிரித்தான் கேட்கும். வழக்கமாகக் குறட்டை விடாதவர் விட்டாலோ, நடுவில் களகளவென்று நீர் கொதிக்கிற மாதிரிச் சத்தம் வந்தாலோ அதைத் தூக்கம் என்று எண்ண வேண்டாம்.

சோதிக்கும் விதம்: பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள சதையை இரண்டு விரலால் அழுத்திக் கிள்ளுங்கள். தூங்குபவர் முகம் சுளிப்பார், கையைத் தட்டிவிடுவார், திட்டுவார். எதுவுமே இல்லையென்றால் அது மயக்கம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 8-க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 வினாடி இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது.

கடைசி மடக்கைக் குடித்த பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் வயிற்றில் கிடப்பது இன்னும் உறிஞ்சப்படவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு மணிக்கு மூச்சுத் திணறுவது இப்படித்தான். கல்லீரலோ மணிக்கு ஏறக்குறைய 8 கிராம்தான் எரிக்கும், அவசரப்படுத்தினாலும் கேட்காது. கணக்கு எளிது: மில்லி லிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம். 40 சதவீத மது 60 மில்லியில் 19 கிராம், 5 சதவீத பீர் அரை லிட்டரில் 20 கிராம். "பீர்தானே" என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரவு 9 மணிக்கு ஆரம்பித்து ஆறு முறை 60 மில்லி என்றால் 114 கிராம், எரிந்து தீர 14 மணி நேரம். மறுநாள் காலை 11 மணிக்கு முன் வண்டிச் சாவியைத் தொட்டால் அது குடித்துவிட்டு ஓட்டுவதுதான்.

காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை கலையாது. பச்சைத்தண்ணீர் இன்னும் மோசம்: மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து ஏற்கெனவே உடம்புச் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. தொண்டையின் தற்காப்பு மங்கியிருப்பதால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மயக்கத்தில் இருக்கிறார், ஆனால் மூச்சு வருகிறது என்றால் பக்கவாட்டில் படுக்க வைப்பதுதான் வேலை. அவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையை உடம்புக்குச் செங்குத்தாக நீட்டி வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை எடுத்துப் புறங்கை அவர் கன்னத்தில் படும்படி இந்தப் பக்கம் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் எதிர்ப்பக்க முழங்காலை மடக்கித் தூக்கி உங்களை நோக்கி இழுத்தால் ஆளே உருண்டு வந்துவிடுவார், பலம் தேவையில்லை. மேல் காலைச் செங்கோணமாக மடக்கி வைத்தால் கவிழ மாட்டார். தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து வாயைத் தரையை நோக்கித் திருப்புங்கள். பிறகு அங்கேயே உட்கார வேண்டும். படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவதற்காகச் சொல்லவில்லை.

மூச்சே இல்லை, அல்லது மீன் வாய் பிளப்பது போல எப்போதாவது ஒன்று என்றால் மல்லாத்திப் போட்டு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அமுக்கத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

பதில்: மருந்துமேசை

இரவுப்பணி சொன்னது மது மட்டும் என்றால் சரி. நடைமுறையில் "மது மட்டும்" என்பது அபூர்வம். குறிப்பில் பொருள்வாரியாக எழுதுவதைவிட, எது எதோடு சேர்ந்தது என்று எழுதுங்கள்.

மதுவும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் மூளையை அடக்கும் ஒரே பாதையைத்தான் பிடிக்கின்றன. ஹெராயின், மார்ஃபின், டேபென்டடால் போன்ற அபினி வகைகள் இன்னொரு வழியாக வந்து, ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூச்சை முடுக்கும் மூளைத்தண்டையே மந்தமாக்குகின்றன. தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்தால் மூச்சு நிற்கும். "இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

கண்ணின் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கி, ஆள் அசையாமல், மூச்சு மெதுவாக இருந்தால் அபினி வகை என்று எடுத்துக்கொண்டு, அதை முறிக்கும் நலாக்சோன் இருந்தால் கொடுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒரு பக்கத் துவாரத்தில் முழுதாக ஒன்று. 2, 3 நிமிடத்தில் மூச்சு தேறவில்லையென்றால் அடுத்த துவாரத்தில் இன்னொன்று. அதற்குள் வாய்வழி மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் கொடுக்க வேண்டும், இங்கே முதலில் தீர்ந்தது ஆக்ஸிஜன். நலாக்சோன் மதுவையோ தூக்க மாத்திரையையோ முறிக்காது. சந்தேகத்தில் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் இதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். மெத்தடோன் மாதிரி நீண்ட நேரம் நிற்கும் மருந்து உள்ளே இருந்தால், எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி மூச்சடங்குவார். "சரியாயிடுச்சு, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள்.

டிராமடால் பற்றித் தனியாக ஒரு வரி: இது வலிப்பையும் வரவழைக்கும். சில வலி மாத்திரைகளில் பாரசிட்டமாலும் சேர்ந்திருக்கும். போதைக்காகக் கைநிறைய விழுங்கியவர் மறுநாள் தெளிவாக உலாவுவார். கல்லீரல் கெட்டது வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பாரசிட்டமால் நஞ்சை முறிக்கும் மருந்து, விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் ஏறினால்தான் முழுப் பலன், எனவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

பதில்: மனநலப்பிரிவு

இரண்டாவது சந்தேகம். அரளி விதையும் செடியில் காய்ப்பதுதான், அதனால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. அதேசமயம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்தினால், புகைத்துப் பார்த்து ஒன்றும் ஆகாதவர் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்பமாட்டார். உள்ளதைச் சொல்லுங்கள்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். தின்றால் அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "வேலை செய்யலையே" என்று இரண்டாவது துண்டைத் தின்பது அந்த இடைவெளியில்தான், பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். நெஞ்சு படபடக்கும், சாகப்போகிறோம் என்ற பீதி வரும். வெளிச்சம் குறைந்த அமைதியான இடமும் நிதானமாகப் பேசும் ஓர் ஆளும் பெரும்பாலும் போதும். ஆனால் நெஞ்சுவலி என்றால் பீதி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

நீண்ட கால விளைவில் எனக்கு முக்கியம் இரண்டு. ஒன்று, இளவயதில் தொடங்கி, டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அதிகமுள்ள சரக்கைத் தினமும் பயன்படுத்துபவருக்கு மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் கூடுதல். காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற நிலை போதை இறங்கிய பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாவது பலருக்குத் தெரியாதது: தினசரி புகைப்பவருக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சுழற்சியாக வரும் ஓயாத வாந்தி. ஆஸ்திரேலியாவில் 2004-இல்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. அடையாளம் விசித்திரமானது: வெந்நீரில் நின்றால் மட்டும் குமட்டல் அடங்கும், அதனால் ஒரு நாளில் பல மணி நேரம் குளியலறையிலேயே இருப்பார்கள். கஞ்சாவே குமட்டலுக்கு மருந்து என்று கேள்விப்பட்டு மேலும் புகைப்பார்கள், வாந்தி இன்னும் கூடும். முழுதாக விட்டால்தான் நிற்கும்.

ஆய்வகத்தில் செய்து இலையில் தெளிக்கும் செயற்கைச் சரக்கு கஞ்சாவே அல்ல. வலிப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் வரை போகும்.

இரண்டுபக்கக்குறிப்பு

வெந்நீர் விஷயம் புதிது, நன்றி. மூன்றாவது சந்தேகம் அப்படியே நிற்கிறது. பார்ட்டி மாத்திரை, கோகெய்ன் பற்றியும் யாராவது இரண்டு வரி.

பதில்: மருந்துமேசை

சிகரெட்டையும் கஞ்சாவையும் இன்றைக்கே நிறுத்தலாம். எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், உயிர் போகாது. சிகரெட்டில் மட்டும் ஒரு நுணுக்கம்: புகையிலுள்ள தார் சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்க வைக்கிறது. நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகள் எடுப்பவருக்கு ரத்தத்தில் மருந்தளவு ஏறும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காபியும் அப்படியே, பழைய அளவே குடித்துவிட்டு "சிகரெட்டை விட்டதால் படபடப்பு" என்பார்கள்.

தினமும் நிறையக் குடிப்பவரையும், மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போடுபவரையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவே கூடாது. மதுவை நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் சித்தப்பிரமை, காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது. இந்தக் கடைசிக் கட்டம் சிகிச்சையில்லாவிட்டால் கொல்லும். காலையில் எழுந்ததும் கைநடுக்கத்தை அடக்கக் குடிக்க வேண்டியிருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், இவர்கள் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் மூளை பாதிக்கப்படலாம். தூக்க மாத்திரையை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

அபினி வகையில் நிறுத்தும்போது உடம்பு படாத பாடு படும், வாந்தி பேதியில் நீர் வறளும், ஆனால் ஆபத்து அதற்குப் பிறகுதான். சில வாரம் விட்டிருந்தால் உடம்பு பழகிய தாங்குதிறன் போய்விடுகிறது. மறுபடி சறுக்கி, பழைய அளவையே எடுப்பவர் அந்த முதல் முறையிலேயே இறந்துபோகலாம். மறுவாழ்வு மையத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வரும் முதல் வாரங்கள் இப்படித்தான் ஆபத்தானவை. குறிப்பில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

பதில்: இரவுப்பணி

கோகெய்ன் இதயத்தின் ரத்தக்குழாயைச் சுருக்கும், துடிப்பைக் கூட்டும், ரத்தம் உறைவதையும் தூண்டும். எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு என்று 1999-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இருபது வயதுக்காரர் நெஞ்சுவலி என்றாலும் வாயு என்று ஒதுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் கல்லீரலில் கோகெத்திலீன் உருவாகி இன்னும் நெடுநேரம் இதயத்தைப் படுத்தும்.

பார்ட்டி மாத்திரை எனப்படும் எம்டிஎம்ஏ-வில் இரண்டு எதிரெதிர் ஆபத்துகள். ஆடி ஆடி உடம்பு கொதித்து, தசை விறைத்து, உளறினால் மேல்சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ். மறுபக்கம், பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இந்த மருந்து சிறுநீரைத் தடுப்பதால் ரத்தத்தில் சோடியம் சரியும், மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், பிறகு வலிப்பு. மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பு மருந்து என்ற வகையை எடுப்பவர் இதைத் தொட்டால் உயிரே போகலாம்.

பலூன் வாயு என்று சொல்லப்படும், சிரிக்கவைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வைட்டமின் பி12-ஐச் செயலிழக்க வைக்கும். கால்விரல் மரத்து, நடை தள்ளாடினால் அதுதான். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு சரியாகவே காட்டலாம், ஏமாற வேண்டாம். மருத்துவரிடம் வாயுவைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பசை, தின்னர் முகர்ந்தவரைத் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். அந்த வேளையில் பாயும் அட்ரினலின் இதயத்துடிப்பையே தாறுமாறாக்கி நிறுத்திவிடும். வெறிபிடித்தவரைக் குப்புறப் போட்டு முதுகில் உட்காருவதும் மூச்சை நிறுத்தும்.

கடைசியாக, குறிப்பின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு நான்கு கோடு விடுங்கள்: என்ன எடுத்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூடவே வேறென்ன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதை நிரப்பி, காலி அட்டையையோ பாட்டிலையோ சேர்த்துக் கொடுத்தால் எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.