பதில்: சங்கீதங்களைப் பாட்டாக்கியவர்களுக்கு என்ன பெயர்?

நண்பர்களே,

இழை நீண்டுகொண்டே போகிறது, ஆனால் ஆளாளுக்கு வேறு ஆளை மனதில் வைத்துக்கொண்டு பெயர் சூட்டுகிறோம். பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கியவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'சால்மடிஸ்ட்' (psalmodist) என்பதற்கு நம் அகராதிக்காகத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; ஒருவர் 'சங்கீதக்காரர்' என்றார், இன்னொருவர் 'துதிப்பாவலர்' என்றார், நேற்று 'திருப்பாடல் இசைஞர்' வந்தது. மூன்றும் மூன்று பேருக்குப் பொருந்துகிற சொற்கள். யாருக்குப் பெயர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 90ஆம் சங்கீதம், தலைப்பில் மோசேயின் ஜெபம் என்று இருப்பது. அதை 1719இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் எட்டசை, ஆறசை என்று மாறிமாறி வரும் அடிகளில் பாட்டாகக் கட்டினார். இன்று அதைப் பாடும் மெட்டின் பெயர் 'செயின்ட் ஆன்', வில்லியம் கிராஃப்ட் போட்டது என்பது பொதுவான கருத்து. அது 1708லேயே அச்சில் வந்துவிட்டது, வாட்ஸின் வரிகளுக்குப் பதினோரு வருடம் முந்தியது. ஆக ஒரு பாட்டுக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: மூலத்தைப் பாடியவர், அதை இன்னொரு மொழியில் யாப்பாக்கியவர், மெட்டுப் போட்டவர். ஆங்கிலத்தில் 'சால்மிஸ்ட்' என்றால் பெரும்பாலும் முதலாமவர். 'சால்மடிஸ்ட்' என்பது இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அந்தக் குழப்பத்தை நாமும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

முதலாமவருக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. "சங்கீதக்காரன் சொல்லுகிறான்" என்று பிரசங்கங்களில் காலங்காலமாகப் புழங்குகிற சொல் இருக்கிறது. தாவீது, ஆசாப், கோராகின் புத்திரர் எல்லோருக்கும் அது பொருந்தும். அதைப் பிடுங்கி வாட்ஸுக்குக் கொடுத்தால் வாசிக்கிறவர் கட்டாயம் குழம்புவார். '-காரன்' என்ற விகுதியிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் சங்கீதங்களை யாப்பாக்கியவர்களில் கவித்திறத்தால் முன்வரிசையில் நிற்பவர் ஒரு பெண், மேரி சிட்னி. அண்ணன் ஃபிலிப் சிட்னி முதல் 43 சங்கீதங்களை முடித்த நிலையில் 1586இல் இறந்துபோக, மீதி 107ஐயும் எழுதியது அவர்தான், அதுவும் விதவிதமான யாப்புகளில். அவரைச் சங்கீதக்காரன் என்பதா, சங்கீதக்காரி என்பதா? இரண்டும் சரிப்படாது.

இதோடு 'சங்கீதம்' என்ற சொல்லே நமக்கு இரட்டைத் தலைவலி. பொதுவழக்கில் அது கச்சேரி சங்கீதம், 'சங்கீத இசையமைப்பாளர்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'திருப்பாடல்கள்' என்று இருக்கிறது, சீர்திருத்த சபையார் 'சங்கீதம்' என்பதை விடமாட்டார்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று பழகியவரும் "ஆண்டவரே என் ஆயர்" என்று பழகியவரும் ஒரே அகராதியைத்தான் திறக்கப் போகிறார்கள். எனவே சொல்லின் உயிர்ப்பகுதி இந்த இரண்டு பெயர்களுக்கும் வெளியே இருக்க வேண்டும், முன்னால் எதை ஒட்டினாலும் ஓட வேண்டும்.

என் முன்மொழிவு: வழிப்பா. சங்கீத வழிப்பா, திருப்பாடல் வழிப்பா, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். எழுதியவர் வழிப்பாவலர்.

இது 'வழிநூல்' என்பதிலிருந்து வருகிறது. தொல்காப்பியம் மரபியலில் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் நால்வகை என்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட (முறைப்படி) யாத்தல். சங்கீதங்களைப் பாட்டாக்கியவர்கள் செய்தது வரிக்கு வரி இதுதான். இந்த இழையில் ஏற்கெனவே வந்த 'தழுவல் பாடல்' எனக்கு ஏன் ஒப்பவில்லை என்றால், தழுவல் என்றாலே மூலத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டதாக ஒரு சாயல் வந்துவிடுகிறது. 1650ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சங்கீதப் புத்தகத்தைப் பார்த்தால் அங்கே தளர்வே கிடையாது. மூலத்தில் இருப்பது விடுபடக் கூடாது, இல்லாதது நுழையக் கூடாது என்று பிடிவாதமாக நின்றதில், அசைக் கணக்குக்காக ஆங்கில வாக்கியத்தையே முன்பின்னாகத் திருகி வைத்திருக்கிறார்கள். 23ஆம் சங்கீதத்தில் 'என்னைப் படுக்கச் செய்கிறார்' என்ற சாதாரண வாக்கியம்கூட வளைந்துதான் நிற்கிறது. அதைத் தழுவல் என்று சொன்னால் அவர்கள் ஆவி சும்மா விடாது.

வாட்ஸ் எதிர்ப்பக்கம். 90ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம் நம் வேதாகமத்தில் இப்படி: "உமது பார்வைக்கு ஆயிரம் வருஷம் நேற்றுக்கழிந்த நாள்போலவும் இராச்சாமம்போலவும் இருக்கிறது." வாட்ஸின் கையில் ஆயிரம் வருஷம் ஆயிரம் யுகமாகிறது, நேற்றைய நாள் கழிந்துபோன ஒரு மாலைப்பொழுதாகிறது. 'இராச்சாமம்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்து, சூரியன் எழுமுன் இரவை முடித்துவைக்கும் அந்தக் கடைசிச் சாமம் என்று இரண்டு அடிக்கு விரிக்கிறார். விரித்தலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடைசிச் சாமம் என்பது மூலத்தில் இல்லை, அது அவர் போட்டது, அந்த ஒன்றிலேயே அவர் எவ்வளவு நல்ல கவிஞர் என்பது தெரிகிறது. சில இடங்களில் இன்னும் துணிவார். 72ஆம் சங்கீதம் அரசனுக்கான வேண்டுதல், அதைப் பாட்டாக்கும்போது அரசன் இருந்த இடத்தில் இயேசுவின் பெயரை நேராகவே வைத்துவிட்டார். 'புதிய ஏற்பாட்டின் மொழியில்' என்று புத்தகத் தலைப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தார், ஒளித்து மறைத்து அல்ல.

ஸ்காட்லாந்துக்காரர்களும் வாட்ஸும் ஒரே கூரைக்கு அடியில் வர வேண்டும் என்றால் வழிநூல் மரபு ஒன்றுதான் அதற்கு இடம் கொடுக்கிறது.

மூன்றாமவரைப் பற்றி. மெட்டுப் போட்டவரை வழிப்பாவலர் என்று சொல்லக் கூடாது. ஜெனீவா சங்கீதப் புத்தகம் 1562இல் முழுமையானபோது அதன் பிரெஞ்சு வரிகள் கிளெமான் மாரோவும், அவர் 1544இல் இறந்தபின் தியோடர் பேஸாவும் எழுதியவை. மெட்டுகளில் பெரும்பங்கு லூயி பூர்ஷ்வா போன்ற வேறு ஆட்களுடையது. அங்கே 134ஆம் சங்கீதத்துக்குப் போட்ட மெட்டு, ஆங்கிலத்தில் 100ஆம் சங்கீதத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டு, இன்று 'பழைய நூறாவது' என்ற பெயரோடுதான் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அடிக்கணக்கு ஒத்துப்போனால் எந்த வரியையும் எந்த மெட்டிலும் பாடலாம் என்பதுதான் இந்த மரபின் அச்சாணி. ஆகவே மெட்டுக்காரருக்குத் தனிப்பெயர் வேண்டும். 'மெட்டமைப்பாளர்' என்றே வைத்துவிடலாம், புதிதாகக் குடைய வேண்டாம். அமெரிக்காவில் 1770இல் சங்கீத இசைப் புத்தகம் போட்ட வில்லியம் பில்லிங்ஸையும் இந்தப் பெயரின் கீழேயே சேர்க்கலாம், அவர் முதன்மையாக மெட்டுக்காரர்.

மெட்டு இரவல் போவது பைபிளுக்கே புதிதல்ல என்பது ஒரு இடைக்குறிப்பு. 57, 58, 59, 75 ஆகிய நான்கு சங்கீதங்களின் தலைப்பிலும் 'அழிக்காதே' என்று பொருள்படும் ஒரே குறிப்பு வருகிறது. அது அன்று எல்லோரும் அறிந்த ஏதோ ஒரு பாட்டின் மெட்டுப் பெயராக இருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் பாட்டுப் புத்தகங்களில் மேலே "இன்ன பாட்டின் மெட்டு" என்று போடுவோமே, அதே வேலை.

சங்கீதங்களைப் பாடும் மரபைக் குறிக்கும் 'சால்மடி'க்கு (psalmody) 'சங்கீத வழிப்பா மரபு' போதும். யாப்பாக்காமல் வசனத்தை அப்படியே ராகமிட்டுச் சொல்வதற்கு 'சங்கீத ஓதல்'. ஜோசப் ஜெலினோ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1950களில் அமைத்த முறையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும், எபிரேய அடிகளின் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு பாடுவது அது. அங்கே வழிப்பாவலர் என்று ஒருவர் இல்லவே இல்லை. பிரித்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

'ஹிம்ன்' (hymn, துதிப்பாடல்) பக்கம் நான் போகவில்லை. கொலோசெயர் 3:16இல் "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்" என்று மூன்றையும் நமக்கு முன்பே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இன்றைக்கு அர்த்தம் இறுகிவிட்டது, அது தனி இழைக்கான விஷயம்.

—

ஐயா, வணக்கம். பிரிப்பு நன்றாக இருக்கிறது, சங்கீதக்காரனை அப்படியே விட்டதற்கு நன்றி. ஆனால் 'வழிப்பா' என்றதும் எனக்கு 'வழிபாடு'தான் காதில் விழுகிறது. தேவாலயச் சூழலில் இது சாதாரணக் குழப்பம் இல்லை. ஒரு 'ப்' விட்டுப்போனால் 'வழிபாவலர்' ஆகிவிடும், வழிபாட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், வழிநூல் என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணமும் வருமே? மேரி சிட்னியை இரண்டாந்தரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

—

அம்மா, இரண்டாவதற்குப் பதில் சுலபம். கம்பர் செய்ததும் வழிநூல்தான், அவரை யாரும் இரண்டாந்தரம் என்று சொல்லவில்லை.

முதல் ஆட்சேபம் நியாயமானது. உச்சரிப்பில் வித்தியாசம் தெரிந்தாலும் தட்டச்சில் தவறத்தான் செய்யும். தனித்து 'வழிப்பா' என்று விடாமல் எப்போதும் முன்னொட்டோடு மட்டும் பதிவு செய்யலாம்: சங்கீத வழிப்பா, திருப்பாடல் வழிப்பா. ஆளுக்கு 'சங்கீத வழிப்பாவலர்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் இதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லப் போவது யார்? அதுவும் ஒப்பவில்லை என்றால் 'வழிநூற்பா' என்று யாராவது சொல்லும் முன் நானே தடுத்துவிடுகிறேன், நூற்பா என்றால் சூத்திரம்.

யாப்பு தெரிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் இங்கே போடுங்கள். இல்லையென்றால் சங்கீதக்காரன், சங்கீத வழிப்பாவலர், மெட்டமைப்பாளர் என்ற மூன்றையும் மூன்று தனிப் பதிவுகளாக ஏற்றிவிடுகிறேன்.