இந்தக் கத்தி போர்க்காலத்துதானா?

வணக்கம். அமெரிக்க மரைன் படை 1942-இல் ஏற்றுக்கொண்ட, தோல் வளையங்களை அடுக்கிய கைப்பிடியும் 7 அங்குல அலகும் உள்ள கத்திகளில் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அலகின் அடியில் ஒரு பக்கம் மரைன் படையைக் குறிக்கும் ‘யு.எஸ்.எம்.சி.’, மறுபக்கம் செய்த நிறுவனத்தின் ‘கமில்லஸ், என்.ஒய்.’ (நியூயார்க்) முத்திரை. இரண்டாம் உலகப் போர்க் கத்தி என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அவர் கடையில் எல்லாமே அந்தப் போர்தான்! கமில்லஸ் வியட்நாம் போர்க் காலத்திலும் இதே மாதிரியைச் செய்ததால், பெயரை மட்டும் வைத்து நம்ப முடியவில்லை.

பெரிய குழப்பம் உறைதான். ரிவெட்டுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது, தையல் நூலோ புத்தம் புதுசு. பிரித்துத் தைத்திருப்பார்களா, இல்லை வேறு கத்தியின் உறையா?

காலத்தைக் கணிக்க எதைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடட்டும்? கைப்பிடியின் முனைக் குமிழா, அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள கைக்காப்பா? அப்புறம், பாலிஷ் போடச் சொல்லாதீர்கள்.