குடிநீரில் ஃபுளோரைடு: ஸ்பேட்ன்ஸா, எலக்ட்ரோடா?

நீர்க்குமிழி:
தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளப்பதுதான் என் எம்.எஸ்சி. புராஜெக்ட். அதே நீரை நல்கொண்டா முறைப்படி படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்திகரித்து, மறுபடி அளந்து, எவ்வளவு நீங்கியது என்று காட்ட வேண்டும். துறையில் நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. அதில் படிக்கும் ஸ்பேட்ன்ஸ் சாய முறை போதுமா, ஃபுளோரைடை மின்னழுத்தமாகக் காட்டும் எலக்ட்ரோடு வாங்கச் சொல்லட்டுமா?

பிப்பெட்:
தாராளமாகப் போதும். சிர்கோனியமும் சாயமும் சேர்ந்து தரும் சிவப்பை ஃபுளோரைடு வெளுக்க வைக்கும்; அதை 570 நானோமீட்டரில் படிக்கிறோம், அவ்வளவுதான். எலக்ட்ரோடில் 1 மில்லிவோல்ட் தடுமாறினாலே விடை 4 சதவீதம் மாறும். தரக்கரைசலும் (ஃபுளோரைடு அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு இது தலைவலி.

பாலாறு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்பேட்ன்ஸில் நிற மாற்றம் லிட்டருக்கு 1.4 மி.கி. ஃபுளோரைடு வரைதான் நேர்கோட்டில் போகும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5. அந்த 1.5-ஐப் பார்க்கவே நீர்க்க வைக்க வேண்டும். இன்னொன்று, 50 மி.லி. மாதிரிக்கு 10 மி.லி. வினைப்பொருள் ஊற்றுகிறோம். அதுவே அடர் நிறம் என்பதால், ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் அளவீடு நகர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் படிகாரம். அது அலுமினிய உப்பு; சுத்திகரித்த நீரில் அலுமினியம் கொஞ்சமாவது தங்கும். லிட்டருக்கு 0.1 மி.கி. இருந்தாலே, உடனே படித்தால் 1.0 என்பது 0.9 ஆகத் தெரியும். ஃபுளோரைடு நீங்கியதாகக் கணக்கு வரும், உண்மையில் அது நீரிலேயே இருக்கும். குடிப்பவர்களின் பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்ட எண் இது!

பிப்பெட்:
"உடனே படித்தால்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2 மணி நேரம் விட்டால் 3 மி.கி. அலுமினியம் வரை தாங்கும், 4 மணி நேரத்தில் 30 வரை. சந்தேகம் தீரவில்லையா, காய்ச்சி வடித்துவிட்டு அளக்கலாம். பழைய முறை, நம்பலாம்.

பாலாறு:
ஒவ்வொரு மாதிரியையும் கந்தக அமிலத்தில் காய்ச்சி வடித்தால் செமஸ்டர் அதிலேயே போய்விடும். எலக்ட்ரோடு முறையில் டிசாப் என்ற தாங்கல் கரைசலைச் சம அளவு சேர்த்தால் போதும். அதிலுள்ள சி.டி.டி.ஏ. என்ற சேர்மம் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு ஃபுளோரைடை விடுவிக்கும், பி.எச். 5 முதல் 5.5-க்குள் நிற்கும். அப்புறம், பத்து மடங்கு செறிவுக்கு 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் மாற்றம் (சரிவு) வருகிறதா என்று தினமும் பாருங்கள். நீங்கள் சொல்லும் தடுமாற்றம் அங்கேயே தெரிந்துவிடும்.

பிப்பெட்:
சரி, சுத்திகரித்த நீருக்கு எலக்ட்ரோடு இருக்கட்டும். கிணற்று நீரில் படிகாரம் இல்லையே, அதற்கு ஸ்பேட்ன்ஸை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலாறு:
அங்கேதான் தப்பாகிறது. முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை என்று அளந்தால், இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசமும் நீக்கிய அளவோடு கலந்துவிடும். இரண்டையும் எலக்ட்ரோடிலேயே அளக்கட்டும். கிணற்று நீரை மட்டும் ஸ்பேட்ன்ஸிலும் பார்த்து ஒப்பிடலாம்.

பிப்பெட்:
அந்த ஒப்பீடு எனக்குச் சம்மதம். சில மாதிரிகளில் தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்து, இரண்டு முறையிலும் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். எது சரி என்பதை அந்த எண் சொல்லட்டும்.

நீர்க்குமிழி:
நன்றி சார். எலக்ட்ரோடுக்கு நாளைக்கே கடிதம் கொடுக்கிறேன். மாதிரி எடுக்கக் கண்ணாடி பாட்டில் பரவாயில்லையா?

பாலாறு:
வேண்டாம், பாலித்தீன் பாட்டிலில் எடுங்கள். தரக்கரைசலையும் அதிலேயே வையுங்கள்.