எக்சிட் பியூப்பிலுக்கு என்ன தமிழ்?

உவர்மலை, மொழிபெயர்ப்பாளர்
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில் வேட்டை அனுமதிப் பரீட்சைக்குப் படிக்கும் நம்மவர் சிலருக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்குகிறேன். மங்கல் வெளிச்சத்தில் சுட எந்தத் துவக்குத் தொலைநோக்கி நல்லது என்ற பகுதியில் சிக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும். எக்சிட் பியூப்பிலுக்கு ‘வெளியேறு கண்மணி’ என்று எழுதினேன். வாசித்த மனைவி, “ஆருக்குக் கண் பிதுங்கினது?” என்கிறாள். தொலைநோக்கியின் கண்பக்கத்தால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம்தான் அது; முன்பக்கப் பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வரும். 8×56 (8 மடங்கு பெருக்கம், 56 மில்லிமீற்றர் வில்லை) என்றால் 7 மில்லிமீற்றர்.

மூதூர், பௌதிகவியல் ரீச்சர்
தம்பி, நான் உயர்தர வகுப்பில் ‘கண்வளையம்’ என்றுதான் படிப்பிக்கிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டுப் படகுக்காரரின் 7×50 தொலைநோக்கியை வாங்கி, வானத்தை நோக்கிக் கைநீட்டிப் பிடித்தேன். பார்வைத்துண்டில் ஒரு வெள்ளைப் பொட்டு மிதந்தது. ஒரு பிள்ளை அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, “ஏழு, ரீச்சர்” என்றாள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
வளையம் என்றால் நடுவில் வெறுமை வேண்டும். நீங்கள் கண்டது வட்டு. லத்தீனில் ‘பியூப்பில்லா’ என்றால் சிறு பொம்மை. நமக்கும் கண்ணின் பாவை பொம்மைதான். “கருமணியிற் பாவாய்நீ போதாயாம்” (குறள் 1123): காதலிக்கு இடம் வேண்டும், நீ போய்விடு என்று வள்ளுவர் பாவையை அப்போதே வெளியேற்றிவிட்டார்! போதுதல் என்றால் போதல். ஆகவே ‘போதுபாவை’. வினைத்தொகை, இலக்கணமும் சுத்தம்.

மூதூர்
ஐயா, பிள்ளைகள் அதைப் ‘போதும் பாவை’ என்று வாசிப்பார்கள்.

ஜெர்மனி, பரீட்சைக்குப் படிப்பவர்
நிலவில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவனுக்கு இலக்கணம் உதவாது. 3–12×56 தொலைநோக்கியை 12இல் வைத்தால் 4.7 மில்லிமீற்றர்தான், படம் இருண்டுவிடும். 8க்கு இறக்கினால் 7. இளம் கண்ணின் மணி இருட்டில் ஏறத்தாழ 7 வரை விரியும், வயது போகப்போகக் குறையும். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த 7 முழுவதும் என் கண்ணுக்குள் போகுமா என்பதுதான் கவலை. ரீச்சர் சொன்ன பொட்டையே எடுத்து ‘ஒளிப்பொட்டு’ என்றால் உடனே விளங்கும். அப்புறம், மங்கல் வெளிச்சத்துக்குத் தொலைநோக்கிகளை ஒப்பிடும் எண்ணான ட்வைலைட் ஃபாக்டரை ‘மாலைத்திறன்’ என்று போட்டிருக்கிறீர்கள். சரியா?

தம்பலகாமம்
திணைப்படி மாலை முல்லைக்குரிய பொழுது. நம் திருகோணமலை நெய்தல் நிலம், நெய்தலுக்கு எற்பாடு, பொழுது சாயும் நேரம். ‘எற்பாட்டெண்’.

நிலாவெளி
ஐயா, பன்றி நிற்பது ஜெர்மன் காட்டில், நம் கடற்கரையில் இல்லை. ஊரில் அந்திக்கருக்கலுக்கு ‘மைம்மல்’ என்று சொல் இருக்க எற்பாடு எதற்கு? என் சண்டை ‘திறனோடு’. உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள்: 8×56க்கு 21.2. 56 மடங்கு பெருக்கும் 8 மில்லிமீற்றர் வில்லைக்கும் அதே 21.2! அதில் மைம்மலில் என்ன தெரியும்? கண்ணாடியின் தரமும் கணக்கில் இல்லை. ‘திறன்’ என்று போட்டால் காசு கொடுப்பவன் ஏமாறுவான். ‘மைம்மல் எண்’ போதும்.

உவர்மலை
வெள்ளி வந்துவிட்டது. ‘ஒளிப்பொட்டு’, ‘மைம்மல் எண்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். ரீச்சருக்காக முதல் இடத்தில் மட்டும் ‘கண்வளையம்’ அடைப்புக்குள்.

தம்பலகாமம்
பொட்டு நெற்றியில் இருப்பது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிடக்கட்டும், ‘துவக்கு’ துருக்கியிலிருந்து வந்த சொல். அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?