ஏஜென்ட் அனுமதி கேட்டது ஒன்று, ஓட்டியது வேறு: பார்த்ததை எழுதுங்க

ஐந்துரோடு_ஷெல்
லீ பஜார் கொலுசுக் கடைகளுக்கான பில்லிங் ரெப்போ, அதாவது புரோகிராம் கோடு இருக்கிற ஃபோல்டர். அதுல கோடு எழுதி கமாண்டையும் ஓட்டுற ஏஐ ஏஜென்ட் வச்சிருந்தோம். கேக்காமலே ஓட்டலாம்ங்கிற அனுமதிப் பட்டியல்ல ஃபைண்ட் இருந்துச்சு, ஃபைல் தேடுற கமாண்ட்தானேன்னு போட்டது. இறக்கின லைப்ரரியோட ரீட்மீல எச்டிஎம்எல் கமெண்ட்டா நாலு வரி ஒளிஞ்சிருந்தது. பிரவுசர்ல பார்த்தா தெரியாது, ஏஜென்ட் படிச்சுடும். படிச்சதும் ஃபைண்ட் வாலில், வேற கமாண்டை ஓட்ட வைக்கிற எக்செக்கைச் சேர்த்து, நெட்ல அனுப்புற கர்ல் வழியா, ரகசியக் கீ எல்லாம் இருக்கிற டாட் என்வ் ஃபைலை வெளியே அனுப்பிருச்சு. செமிகோலன் இருந்தா தடுக்கிற சோதனை உண்டு. ஆனா எக்செக்கை ப்ளஸ் குறியில முடிச்சதால அதிலயும் சிக்கலை. அனுமதிப் பெட்டியே வரலைங்க. அடுத்த வரியில ஏஜென்ட் "தேடல் முடிந்தது"ன்னு எழுதுச்சு பாருங்க, அந்த வரிதான் இன்னும் கண்ணுல நிக்குது.

ஏற்காடு_20வது_வளைவு
ஃபைண்டை மட்டும் தூக்கினா தீராதுங்க. எழுத்து மாத்துற "க்னு செட்" கமாண்டுக்குள்ள வேற கமாண்ட் ஓட்டுற "இ" இருக்கு. வரிகளைப் பிரிக்கிற "ஆக்"ல அதே வேலைக்கு சிஸ்டம் இருக்கு. ஃபைல்களைக் கட்டுற "டார்"ல செக்பாயின்ட் ஆக்‌ஷன். கோடுல என்ன மாறிச்சுன்னு காட்டுற கிட் ஸ்டேட்டஸ்கூட, எஃப்எஸ்மானிட்டர் அமைப்பை மாத்தி வச்சா வெளி புரோகிராமை ஓட்டும். முதல் சொல்லைப் பார்த்து "படிக்க மட்டும்"னு முடிவு கட்டுறதே தப்பு.

இங்கே காபி எஸ்டேட் சென்சார் ரெப்போவில நடந்தது வேற மாதிரி. கோடை சர்வர்ல ஏத்துற டிப்ளாய் ஸ்கிரிப்ட்டுக்கு "எப்போதும் அனுமதி" கொடுத்தாச்சு. ஃபோல்டருக்குள்ள ஃபைல் திருத்த அனுமதியே தேவையில்லை. ஏஜென்ட் அந்த ஸ்கிரிப்ட்டையே திருத்திட்டு, அதே பேர்ல ஓட்டுச்சு. வெள்ளிக் கடையில சொல்ற மாதிரின்னா, டச் (தரம்) பார்த்த கட்டி வேற, உருக்கின கட்டி வேற.

செவ்வாய்ப்பேட்டை_ரூட்
ஏற்காட்டு நண்பர் சொன்னதேதான் 2025ல கர்சர்ங்கிற ஏஐ கோடு எடிட்டர்லயும் வந்துச்சு, பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கிற பொது எண்ல அது சிவிஇ-2025-54136. ஏஜென்ட்டை வெளிக் கருவிகளோட இணைக்கிற எம்சிபி சர்வருக்கு ஒரு தடவை சரின்னுட்டா, பின்னாடி கமாண்டை மாத்தினாலும் மறுபடி கேக்கலை. செக் பாயின்ட்ங்கிற பாதுகாப்புக் கம்பெனி ஆளுங்க கண்டுபிடிச்சாங்க, கர்சர் 1.3 பதிப்புல சரி பண்ணினாங்க. அதே வருசம் கிட்ஹப்போட ஏஐ உதவியாளர் கோபைலட்ல, ஏஜென்ட் செட்டிங்ஸ் ஃபைல்லயே தானா அனுமதிக்கிற வரியை எழுதிக்கிச்சு, சிவிஇ-2025-53773.

யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்லிடுறேன். கமாண்டை ஷெல்லுக்கு ஒரே சரமா கொடுக்காதீங்க, ஆர்க்யுமென்ட்டுகளைத் தனித்தனியா பிரிச்சு நேரா ஓட்டுங்க. ஒரு கமாண்டோட இன்னொண்ணைக் கோக்குற பைப், டாலர் அடைப்புக்குறி, பேக்டிக், புதுவரி எது வந்தாலும் மனுசன்கிட்ட கேக்கணும். கமாண்டைப் பிரிச்சுப் படிக்கிற பார்சருக்குப் புரியலைன்னாலும் கேக்கணும், விடக்கூடாது. அனுமதியைப் பேரோட கட்டாம, முழு ஆர்க்யுமென்ட், ஃபோல்டர், புரோகிராமை எங்கே தேடணும்னு சொல்ற "பாத்" அமைப்பு, ஸ்கிரிப்ட்டோட ஷா-256 ஹேஷ் (உள்ளடக்கத்தோட கைரேகை மாதிரி) நாலையும் சேர்த்துக் கட்டுங்க. ஹேஷ் பார்த்ததுக்கும் ஓட்டினதுக்கும் நடுவுலயே மாத்திடலாம். அதனால ஏஜென்ட்டால எழுத முடியாத இடத்துக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பிக்கு ஹேஷ் போட்டு, அந்தக் காப்பியையே ஓட்டணும். புரோகிராமோட முழு பாத்தையும் காட்டுங்க, ரெப்போவுக்குள்ள, ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் பேர்ல ஒரு போலி வச்சிருந்தா அதுலதான் தெரியும். செட்டிங்ஸ் ஃபைலும் கிட் தானா ஓட்டுற ஹூக் ஸ்கிரிப்ட்டுகளும் ஏஜென்ட் கைக்கு எட்டவே கூடாது.

சேகோ_சர்வர்
இவ்வளவையும் செஞ்சு நாளெல்லாம் பெட்டி பெட்டியா கேட்டா, பாக்காமலே என்டர் தட்டுவாங்க சார். எங்க பெட்டியில கமாண்டோட மேல் மூணு வரிதான் தெரியும். ஒரு தடவை வந்தது, சும்மா எழுத்தைக் காட்டுற எக்கோ ஒண்ணு, கீழே வெறும் வரிகளா நிறைய, அதுக்கும் கீழே ஃபைலை அழிக்கிற ஆர்எம். யாரும் உருட்டிப் பார்க்கலை. புரோகிராமை அடைச்சு ஓட்டுற சாண்ட்பாக்ஸ் கருவி பபிள்ராப்ல நெட்வொர்க்கை அறுத்துட்டு, ரெப்போ ஃபோல்டரை மட்டும் எழுத விடுங்க. அதுக்கு அப்புறம் அனுமதியைப் பத்திப் பேசலாம்.

செவ்வாய்ப்பேட்டை_ரூட்
நெட்வொர்க்கை அறுத்தா பேக்கேஜ் எப்படி இறக்குறது? நடுவுல ப்ராக்ஸி வச்சு, பேக்கேஜ் இருக்கிற ரெஜிஸ்ட்ரிக்கு மட்டும் வழி விடணும். சாண்ட்பாக்ஸுக்குள்ளயும் தானா பில்ட், டெஸ்ட் ஓட்டுறதுக்கான ரெப்போவோட சிஐ ஃபைலைத் திருத்தலாமே, அது ஓடுறது வெளியிலதானே? ரெண்டும் வேணும் தம்பி. வெறும் வரி விஷயத்துல நீங்க சொல்றது சரி. புதுவரியையும் எஸ்கேப் எழுத்துகளையும் கண்ணுக்குத் தெரியுற குறியா மாத்தி, முழுசா காட்டணும். கடைசி வரை உருட்டாம பட்டன் வேலை செய்யக் கூடாது.

ஐந்துரோடு, அந்த என்வ்ல இருந்த டோக்கனையெல்லாம் மாத்தியாச்சா?

ஐந்துரோடு_ஷெல்
எஸ்எம்எஸ் டோக்கன், பேமென்ட் கீ ரெண்டும் அன்னிக்கே மாத்தியாச்சுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மட்டும் பாக்கி. கடை அடைச்சதும் இன்னிக்கு ராத்திரி.